பொதுப்பணமும் உத்தியோகத்தர் பயிற்சியும்

மார்கழி மாதத்தின் கடைசி வாரத்தில் அரசாங்க அலுவலகம் ஒன்றுக்குச் செல்பவர் அங்கே ஒரு காட்சியைக் காணக்கூடும். மாலையிற் பூட்டப்பட வேண்டிய கணக்குக் கிளையில் இரவு எட்டு மணிவரை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மேசைகளின்மேல் கொடுப்பனவு உறுதிச்சீட்டுகள் கட்டுக் கட்டாகக் குவிந்து கிடக்கும். அவ்வாண்டுக்கெனப் பாராளுமன்றம் ஒதுக்கிய பணம் 31ஆம் திகதியுடன் காலாவதியாகிவிடும். அதற்குள் செலவிடப்படாத தொகை அலுவலகத்தின் கையைவிட்டுப் போய்விடும். எனவே, பதினொரு மாதமாக உறங்கிய வேலைகள் யாவும் ஒரே வாரத்தில் விழித்தெழுகின்றன. ஒப்பந்தகாரர்கள் விறாந்தையிற் காத்து நிற்கின்றனர். ஒருவர் தாள்களைப் புரட்டிக் கொடுக்க, மற்றொருவர் கையொப்பமிட்டுக்கொண்டே போகிறார். எதற்குக் கையொப்பமிடுகிறோம் என்று வாசித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. வாசித்துப் பார்த்தால் அதை ஓர் அவமதிப்பாகக் கருதும் சக ஊழியரும் உண்டு.

பொதுப்பணம் களவு போவது பற்றிப் பேசும்போது மக்கள் பெரும்பாலும் பெரிய மனிதர்களின் பெரிய களவுகளையே நினைக்கின்றனர். அவையும் உள்ளனவே. ஆயினும், அந்த மார்கழி இரவில் விளக்கடியில் இருக்கும் உத்தியோகத்தர் பெரும்பாலும் களவாளி அல்லர். பத்து ரூபாவைக்கூடத் தமதாக்கிக்கொள்ளாத நேர்மையாளராகவும் அவர் இருக்கலாம். அவருடைய கையொப்பம் இல்லாமல் களவு நிறைவேறாது என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்க செய்தி. மோசடியைத் தடுப்பதற்கான பயிற்சி யாருக்கு, எதில் அளிக்கப்பட வேண்டும் என்ற வினா இந்த இடத்திலேதான் தொடங்குகின்றது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் நன்று. அரசாங்கப் பணத்துக்கு நேரும் நட்டம் எல்லாம் மோசடி ஆகாது. கூட்டலிற் பிழைவிட்டுக் கூடுதலாகக் கொடுத்தல் தவறு. தேவைக்கு மேலாக வாங்கிக் களஞ்சியத்தில் துருப்பிடிக்க விடுதல் விரயம். வாராத பொருளை வந்ததென்றும், நடவாத வேலையை நடந்ததென்றும் அறிந்தே எழுதிப் பணம் பெறுதல் மோசடி. முதலிரண்டுக்கும் மூன்றாவதற்கும் வேறுபாடு எண்ணத்தில் இருக்கின்றது. ஆனால், நடைமுறையில் மூன்றும் ஒரே வீட்டில் வளர்கின்றன. தவறுகள் கேட்பாரின்றிக் கிடக்கும் அலுவலகத்தில் மோசடியும் தவறின் வேடம் பூண்டு ஒளிந்துகொள்கின்றது. பிடிபட்டால், “கவனிக்காமல் விட்டுவிட்டேன்” என்ற ஒரு சொல் போதுமாகிவிடுகிறது.

இலங்கையில் இப்பணத்துக்குக் காவல் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. 1799ஆம் ஆண்டிலேயே, பிரித்தானியர் கரையோர மாகாணங்களைக் கைப்பற்றிச் சில ஆண்டுகளுக்குள், கணக்காய்வுக்கென ஒரு பதவி இங்கு உருவாயிற்று. இன்றைய தேசிய கணக்காய்வு அலுவலகம் தன் வரலாற்றை அந்த ஆண்டிலிருந்தே எண்ணுகிறது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 148ஆம் உறுப்புரையில் பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடம் வைத்தது. 154ஆம் உறுப்புரையில் அரசாங்கத் திணைக்களங்கள் அனைத்தையும் கணக்காய்வு செய்யும் கடமையைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதிக்கு விதித்தது. அவருடைய அறிக்கைகளை வைத்துக்கொண்டு பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு செயலாளர்களை அழைத்து வினவுகின்றது. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்று, நட்டத்துக்குப் பொறுப்பானவரிடமிருந்து அத்தொகையை மிகைக்கட்டணமாக அறவிடுவதற்கு வழிவகுத்தது.

தமிழர்க்கும் இச்சிந்தனை புதியதன்று. சோழன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தெரிவுசெய்யும் விதிகளைக் கூறுகின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தெரிவுசெய்யப்படத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. உறவினரையும் சேர்த்து விலக்கியது இக்காலத்துக்குக் கடுமையாகத் தோன்றலாம். பணம் யாருடைய பெயரில் ஒளிக்கப்படும் என்பதை அக்காலத்து ஊரார் நன்கு அறிந்திருந்தனர் போலும்.

எனினும், கணக்காய்வு என்பது காலத்தால் பிந்தியது. பணம் போன பின்பே அது வருகின்றது. ஆறு மாதத்தின் பின்னரோ இரண்டு ஆண்டின் பின்னரோ கணக்காய்வாளர் வந்து, “இது எங்கே?” என்று கேட்கும்போது, பொருளை விற்றவரின் கடை மூடப்பட்டிருக்கும், உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுச் சென்றிருப்பார், சில வேளை இளைப்பாறியும் இருப்பார். பணம் போகுமுன் அதைத் தடுக்கக்கூடியவர் அலுவலகத்துக்குள் இருப்பவரே. அவருக்கென்றே நிதிப் பிரமாணங்கள் எழுதப்பட்டன.

நிதிப் பிரமாணங்கள் என்னும் தடித்த நூலை நேயர் பலர் கண்டிருக்கமாட்டார்கள். கண்டவர்களும் விரும்பிப் படித்திருக்கமாட்டார்கள். 1992இல் வெளியான அதன் பதிப்பைப் பிற்காலச் சுற்றறிக்கைகள் பல இடங்களில் திருத்தியுள்ளன. அதன் 135ஆம் பிரமாணத்தை அடுத்து வரும் பகுதியில் ஓர் எளிய எண்ணம் அடங்கியுள்ளது. ஒரு செலவு நான்கு வாயில்களைக் கடந்து செல்ல வேண்டும் என்பதே அது. செலவுசெய்ய அதிகாரமளித்தல் முதலாவது. கொடுப்பனவை அங்கீகரித்தல் இரண்டாவது. கணக்கு உண்மை என அத்தாட்சிப்படுத்தல் மூன்றாவது. பணத்தைக் கொடுத்தல் நான்காவது. ஒரே மனிதர் ஓர் அலுவலைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தனியே நடத்தக்கூடாது என்பதும் அந்நூலின் அடிப்படை விதி. நான்கு வாயிலிலும் நான்கு காவலர் நின்றால், களவாளி ஒருவன் நால்வரையும் ஏமாற்றவேண்டும். அல்லது நால்வரையும் தன் பக்கம் சேர்க்கவேண்டும்.

இது எவ்வாறு நடைமுறையில் இயங்குகின்றது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு வலயத்திலுள்ள சில பாடசாலைகளுக்கு நூறு மேசைகளும் நூறு கதிரைகளும் தேவைப்படுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். தேக்கு மரத்தாலாயவை என்று விபரக்கூற்றில் எழுதப்படுகிறது. விலைமனு கோரப்பட்டு, மூன்று கடைகளின் விலைகள் வந்து, குறைந்த விலை கேட்டவருக்குக் கட்டளை கொடுக்கப்படுகிறது. பொருள் வந்ததும் களஞ்சியக் காப்பாளர் எண்ணிப் பெற்றுத் தம் ஏட்டிற் பதிகிறார். விடயத்துக்குப் பொறுப்பான இலிகிதர் பட்டியலையும் கட்டளையையும் பொருள் பெற்ற சான்றையும் ஒன்றாக இணைத்து உறுதிச்சீட்டைத் தயாரிக்கிறார். உத்தியோகத்தர் ஒருவர் அதை அத்தாட்சிப்படுத்துகிறார், மற்றொருவர் அங்கீகரிக்கிறார், கணக்காளரின் கிளை காசோலை எழுதுகிறது.

நூறு மேசை தேக்கில் வரவேண்டிய இடத்தில் எண்பது மேசை றப்பர் மரத்தில் வந்தால் என்ன ஆகும்? களஞ்சியக் காப்பாளர் எண்ணினாற் பிடிபடும். எண்ணாமல், “பின்னர் மிகுதியைத் தருவார், ஐயா சொல்லிவிட்டார்” என்று நூறு எனப் பதிந்தால், அந்தக் கணமே பொய் உண்மையாகிவிடுகிறது. அதன்பின் இலிகிதர் பார்ப்பது களஞ்சியக் காப்பாளரின் கையொப்பத்தை. அத்தாட்சிப்படுத்துபவர் பார்ப்பது இலிகிதரின் குறியை. அங்கீகரிப்பவர் பார்ப்பது அத்தாட்சிப்படுத்தியவரின் கையொப்பத்தை. மேசையை எவரும் பார்க்கவில்லை. நான்கு வாயிலிலும் காவலர் நின்றனர். ஒவ்வொருவரும் தமக்கு முந்திய காவலரின் முகத்தையே பார்த்தனர். தாள்களை எடுத்துப் பார்த்தால் ஒரு பிரமாணமும் மீறப்படவில்லை. இருபது பிள்ளைகள் மட்டும் வாங்கிலில் நெருங்கியிருந்து மடியில் வைத்து எழுதுகின்றனர்.

இத்தகைய சூழ்ச்சிகள் எண்ணற்றவை போலத் தோன்றினாலும் அவற்றின் குலங்கள் மிகச் சில. பழக்கப்பட்ட கண்ணுக்கு அவை எளிதில் தெரியும். விலைமனுக்கள் மூன்றும் மூன்று கடைத் தலைப்புத் தாள்களில் இருந்தாலும், மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை இருக்கும். மூன்றும் ஒரே நாளிற் தபாலில் வந்திருக்கும். தோற்ற இருவரின் விலைகள் வென்றவரின் விலையைவிட ஒழுங்காக ஐந்து வீதமும் பத்து வீதமும் கூடியிருக்கும். ஓர் எல்லைக்கு மேற்பட்ட கொள்வனவுக்குப் பெரிய குழுவின் அனுமதி வேண்டுமென்றால், அக்கொள்வனவு இரண்டாகவும் மூன்றாகவும் துண்டாடப்பட்டு, ஒவ்வொரு துண்டும் எல்லைக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். சம்பளப் பட்டியலில் வேலைக்கு வராத ஒருவரின் பெயர் மாதந்தோறும் தொடரும். நாட்கூலி வேலைகளில் இது இன்னும் எளிது, ஏனெனில் அங்கே பெருவிரல் அடையாளமே கையொப்பமாக உதவுகிறது. வாகனம் திருத்தகத்தில் நின்ற நாட்களிலும் அதன் ஓட்டக் குறிப்பில் எரிபொருள் செலவாகியிருக்கும்.

வீதி வேலையும் குளக்கட்டு வேலையும் இவற்றிற் தனி வகை. மேசையை எண்ணலாம், மண்ணுக்குள் போனதை எண்ணுவது கடினம். ஒன்பது அங்குலத் தடிப்பில் கிறவல் பரவப்பட வேண்டிய வீதியில் ஆறு அங்குலம் பரவப்பட்டால், மேலே பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தொழினுட்ப உத்தியோகத்தரின் அளவீட்டுப் புத்தகம் ஒன்பது என்று சொன்னால் கொடுப்பனவும் ஒன்பதுக்கே செல்லும். முதல் மாரியில் வீதி தன் கணக்கைத் தானே காட்டும். ஆனால், அப்போது, “இவ்வாண்டு மழை கடுமை” என்ற விளக்கம் தயாராக இருக்கும். ஒரு மண்வெட்டியும் ஓர் அளவுகோலும் கொண்டு, மூன்று இடங்களில் வீதியைத் தோண்டிப் பார்க்கும் துணிவு அத்தாட்சிப்படுத்துபவருக்கு இருந்தால், இவ்வகை மோசடியின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும்.

மிகப் பெரிய மோசடியும் இதே வழியிற்றான் நிகழ்கின்றது. 2002 முதல் 2004 வரையான காலத்தில், பெறுமதி சேர்க்கப்பட்ட வரியை ஏற்றுமதியாளருக்கு மீளளிக்கும் ஏற்பாட்டைப் பயன்படுத்தி, ஏற்றுமதியே செய்யாத போலி நிறுவனங்கள் இலங்கைத் திறைசேரியிலிருந்து முந்நூறு கோடி ரூபாவுக்கும் மேற்பட்ட பணத்தைப் பெற்றன. பின்னர் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையினால் நாடே அதை அறிந்தது. பண்டம் உண்மையிற் கப்பலேறியதா என்ற வினா அக்கொடுப்பனவுகளின் முன்னே வைக்கப்பட்டிருந்தால், அவை நின்றிருக்கும். அதுவும், “மேசையை யார் பார்த்தார்?” என்ற வினாவும் ஒன்றே, தொகைதான் வேறு.

மனிதர் ஏன் இதைச் செய்கின்றனர் என்பதை ஆராய்ந்தவர்களுள் அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் டொனால்ட் கிரெசி முக்கியமானவர். நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கையாடிச் சிறைப்பட்டவர்களை அவர் நேரிற் கண்டு பேசி, 1953இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அவர் கண்ட மனிதர்களிற் பலர் தொழில்முறைக் கள்வர் அல்லர். பிறரிடம் சொல்லமுடியாத ஒரு பணநெருக்கடி அவர்களுக்கு இருந்தது. ஒருவருக்கும் தெரியாமல் பணத்தை எடுக்கும் வாய்ப்பு இருந்தது. எடுப்பதைக் களவென்று எண்ணாதபடி மனத்தைச் சமாதானப்படுத்தும் ஒரு சொல்லும் இருந்தது. அச்சொல் பெரும்பாலும் “கடன்” என்பதே. சம்பள நாளில் திருப்பி வைத்துவிடலாம் என்றே அவர்கள் தொடங்கினர். அலுவலகக் கட்டுநிதியிலிருந்து இரண்டாயிரம் ரூபாவைக் கைமாற்றாக எடுத்து, அதை மறைக்க ஒரு பொய்ப்பற்றுச்சீட்டு எழுதி, பின்னர் அந்தப் பற்றுச்சீட்டைக் காக்க இன்னும் பத்து எழுதிய சிறாப்பரின் கதையை அறியாத கச்சேரி இல்லை.

பணத்தை எடுப்பவனை விளக்குவதற்கு இது போதும். எடுக்காமல் கையொப்பம் மட்டும் இட்டவரை விளக்க இது போதாது. அவருடைய காரணங்கள் நம் வாழ்க்கை முறைக்குள்ளேயே இருக்கின்றன. மேலதிகாரி நீட்டிய தாளை வாசித்துப் பார்ப்பது மரியாதைக்குறைவு என்று அவர் கற்றிருக்கிறார். பக்கத்து மேசைக்காரர் பதினைந்து ஆண்டு நண்பர். அவருடைய கணக்கில் ஐயம் கேட்டால் நட்பு முறியும். கேள்வி கேட்பவருக்குத் தூர இடமாற்றம் கிடைத்த கதைகளும் அவர் செவிக்கு எட்டியிருக்கும். இவை கோழைத்தனம் என்று தள்ளிவிடத்தக்கவை அல்ல. பிள்ளைகள் படிக்கும் ஊரிலிருந்து இருநூறு மைல் தொலைவுக்கு மாற்றப்படுதல் ஒரு குடும்பத்துக்கு எளிய செய்தி அன்று.

ஆனால், மறுபுறத்தையும் அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். நட்டம் ஒன்று வெளிப்பட்டால் நிதிப் பிரமாணம் 104இன்படி ஏழு நாட்களுக்குள் முதலறிக்கையும் மூன்று மாதங்களுக்குள் முழு அறிக்கையும் தயாரிக்கப்பட வேண்டும். அவ்விசாரணை முதலில் தேடிச் செல்வது கையொப்பத்தையே. பணத்தைப் பெற்றவன் தாளில் எங்கும் இல்லை. “பொருள்கள் முறையாகப் பெறப்பட்டன” என்று அத்தாட்சிப்படுத்தியவர் ஒவ்வொரு தாளிலும் இருக்கிறார். பதவி உயர்வு நிறுத்தப்படுவதும், சம்பளத்திலிருந்து மாதந்தோறும் அறவிடப்படுவதும், இளைப்பாறும் வயதில் ஓய்வூதியம் தடைப்பட்டு நிற்பதும் பெரும்பாலும் அவருக்கே நேர்கின்றன. நீதி சில வேளைகளில் இவ்வாறு கோணலாக விழுகின்றது. கையொப்பம் இடுமுன் அதன் பொருளை அறிந்திருந்தால் அவர் தம்மையும் காத்திருப்பார், பொதுப்பணத்தையும் காத்திருப்பார்.

இப்போது அளிக்கப்படும் பயிற்சி என்ன? இலங்கை அபிவிருத்தி நிருவாக நிறுவனம் 1982ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டு, நிருவாக சேவையினருக்கும் பிறருக்கும் பாடநெறிகளை நடத்தி வருகின்றது. நிதி அமைச்சின்கீழ், கொழும்புக் கோட்டையின் பழைய ‘டைம்ஸ்’ பத்திரிகைக் கட்டடத்தில், ‘மிலோதா’ என்னும் நிதிக் கற்கை நிலையம் இயங்குகின்றது. மாகாணங்களிலும் பயிற்சிப் பிரிவுகள் உண்டு. இவற்றுக்கு அப்பால், உத்தியோகத்தர் ஒவ்வொருவரும் தம் சேவையில் முன்னேற வினைத்திறன் தடைதாண்டற் பரீட்சை எழுதவேண்டும். அதில் தாபன விதிக்கோவையுடன் நிதிப் பிரமாணங்களும் ஒரு பாடமாகப் பலருக்கு அமைகின்றன.

குறை இரண்டு இடங்களில் இருக்கின்றது. பயிற்சி மேலே தடித்தும் கீழே மெலிந்தும் காணப்படுகின்றது என்பது ஒன்று. கணக்காளரும் உதவிச் செயலாளரும் பல பாடநெறிகளுக்குச் செல்கின்றனர். மேசையை எண்ணும் களஞ்சியக் காப்பாளரும், தடிப்பை அளக்கும் தொழினுட்ப உத்தியோகத்தரும், பற்றுச்சீட்டைக் கோவையிற் சேர்க்கும் இளம் முகாமைத்துவ உதவியாளரும் அரிதாகவே செல்கின்றனர். பொய் முதன்முதலாக உண்மையாக மாறும் இடம் அவர்களுடைய மேசைதான் என்பதை மேலே கண்டோம்.

மற்றக் குறை கற்பிக்கும் முறையில் இருக்கின்றது. பரீட்சைக்காக மனனம் செய்யப்படும் பிரமாணம் பரீட்சை முடிந்த மாதத்தில் மறந்துபோகின்றது. 138ஆம் பிரமாணம் என்ன கூறுகின்றது என்ற வினாவுக்கு ஒரு பக்கம் விடை எழுதிச் சித்தியடைந்தவர், மறுநாள் அதே பிரமாணத்துக்கு மாறாகக் கையொப்பமிடலாம். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்பது அவர் மனத்திற் படுவதில்லை. பாடசாலையில் நீச்சலைப் பற்றி எழுதிப் புள்ளி பெற்றவனை ஆற்றில் இறக்கினால் என்ன நடக்குமோ அதுவே நடக்கின்றது.

மெய்யான உறுதிச்சீட்டுகளைப் போல அமைக்கப்பட்ட இருபதைக் கற்போரின் கையிற் கொடுத்து, அவற்றுள் பொய்யானவை எவை என்று கண்டுபிடிக்கச் சொல்வது இதற்குச் சிறந்த பாடம். எத்தனை பொய் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாது. முதல் முறையிற் பலர் கூட்டலைச் சரிபார்ப்பார்கள். கூட்டல் எல்லாம் சரியாகவே இருக்கும். திகதிகளை ஒப்பிட்டவர் மட்டுமே, கட்டளை கொடுக்கப்பட்ட நாளுக்கு முன்பே பொருள் வந்துவிட்டதைக் காண்பார். பட்டியல் இலக்கங்களைப் பார்த்தவர், ஒரு கடை மூன்று மாதத்தில் 41, 42, 43 என்று தொடர் இலக்கத்திலேயே பட்டியல் எழுதியிருப்பதைக் காண்பார். அக்கடைக்கு இந்த அலுவலகத்தைத் தவிர வேறு வாடிக்கையாளர் இல்லையா என்ற ஐயம் அவருக்குள் எழும். ஒருமுறை அவ்வாறு கண்டுபிடித்த கண் பின்னர் எளிதில் உறங்குவதில்லை. உறுதிச்சீட்டை மேசையில் விட்டுக் களஞ்சியத்துக்கு நடந்துசென்று பொருளைத் தொட்டுப் பார்த்துவரும் பழக்கமும் பயிற்சி வகுப்பிலேயே தொடங்கவேண்டும்.

இதைவிடக் கடினமான பாடம் மறுத்துச் சொல்லும் கலை. அது நம்மவர்க்கு இயல்பாக வருவதன்று. “ஐயா, இதிற் பொருள் பெற்ற சான்று இல்லை, அது வந்ததும் உடனே ஒப்பமிட்டுத் தருகின்றேன்” என்று பணிவோடும் உறுதியோடும் சொல்வது, “முடியாது” என்று சொல்வதிலும் வேறானது. வாய்மொழியாக வந்த பணிப்பைக் கோவைக் குறிப்பில் எழுத்தில் வைத்து, மேலதிகாரியின் குறிப்பைக் கேட்பது இன்னொரு வழி. எழுத்திற் கேட்கப்பட்ட பல பணிப்புகள் மறுமுறை வருவதேயில்லை என்பது அனுபவமுள்ள இலிகிதர்கள் அறிந்த இரகசியம். இச்சொற்களை வகுப்பில் இருவர் எதிரெதிரே அமர்ந்து சொல்லிப் பழகவேண்டும். நாடகம் போலிருக்கிறதே என்று நகைப்போர் இருப்பர். ஆனால், நாவிற் பழகாத சொல் நெருக்கடியில் வாயில் வருவதில்லை.

இப்பாடத்துக்கு முதலில் அழைக்கப்பட வேண்டியவர் அந்த மேலதிகாரியே. கேள்வி கேட்ட இலிகிதரைச் சினந்துகொள்ளும் தலைவரின்கீழ் எத்தனை பயிற்சியும் வீண். “நல்லது, கேட்டது சரி” என்று ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் சொல்லும் தலைவர், பத்து நாட் பாடநெறி செய்வதைச் செய்துவிடுகிறார்.

மோசடி எவ்வாறு வெளிவருகின்றது என்று உலகளாவிய முறையில் ஆராய்ந்து வருகின்ற மோசடிப் பரிசோதகர் சங்கம், 2024இல் வெளியிட்ட அறிக்கையில், நூற்றுக்கு 43 வீதமானவை யாரோ ஒருவர் கொடுத்த தகவலினாலேயே வெளிவந்தன என்று கண்டது. தகவல் கொடுத்தவரிற் பாதிக்கு மேற்பட்டோர் அதே நிறுவனத்தின் ஊழியர். கணக்காய்வு கண்டுபிடித்தவற்றிலும் இது பன்மடங்கு அதிகம். ஆகவே, தகவல் கொடுப்பது எங்கே, எவ்வாறு என்பதைக் கற்பித்தலும் பயிற்சியின் பகுதியே. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கெதிரான சட்டம் இவ்வகையில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு வழக்குத் தொடுப்பதுடன் தடுத்தலும் அறிவூட்டலும் கடமையாக்கப்பட்டன. தகவல் கொடுப்போருக்குப் பாதுகாப்பும் சொல்லப்பட்டது. 2025இல் அரசாங்க நிறுவனங்களில் உள்ளக அலுவல்கள் பிரிவுகளை அமைக்குமாறும் பணிக்கப்பட்டது. ஏட்டில் உள்ள பாதுகாப்பு ஊழியரின் நெஞ்சில் நம்பிக்கையாக மாறக் காலம் எடுக்கும். முதலில் முறையிட்ட ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் ஏனையோர் கவனித்துக்கொண்டிருப்பர்.

பயிற்சியால் ஆகாதவையும் உள. களவாட முடிவுசெய்துவிட்டவனை எந்தப் பாடநெறியும் திருத்தாது. விதிகளை நன்கு கற்றவன் அவற்றைச் சுற்றிச் செல்லவும் நன்கு கற்றுக்கொள்வான் என்ற அச்சமும் பொய்யன்று. அவனுக்கு மருந்து வேறு. ஒரே ஆசனத்தில் பத்து ஆண்டு இருத்தாமல் மாற்றுவதும், ஆண்டுக்கு இரு கிழமையாவது கட்டாய விடுமுறையில் அனுப்பி, அவருடைய ஏட்டை வேறொருவர் நடத்தும்படி செய்வதும் அம்மருந்துகளுட் சில. ஒரு நாளும் லீவு எடுக்காத காசாளரை அலுவலகங்கள் கடமைவீரர் என்று பாராட்டுகின்றன. கணக்காய்வாளர் அவரைச் சற்று வேறு கண்ணால் நோக்குவது வழக்கம். பாராட்டுக்குரியவரும் அவர்களுள் உண்டு; ஆயினும், ஏடு பிறர் கைக்குப் போவதை அஞ்சியே ஒருவர் விடுமுறை எடாதிருப்பதும் உண்டு.

தமிழ்ப் பிரதேசங்களிற் பணிபுரிவோரைப் பொறுத்தமட்டில் இன்னுமொரு விடயம் கருதற்பாலது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும், நிதி தொடர்பான சுற்றறிக்கைகள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ முதலில் வந்து, தமிழ்ப் பிரதி பிந்தி வருவதும், வராதே போவதும் நிகழ்கின்றன. பயிற்சிக்கு வரும் விரிவுரையாளரின் மொழி கற்போரின் மொழியாக இல்லாத வகுப்புகளும் நடக்கின்றன. வந்த தமிழ்ப் பிரதியும் சில வேளை மூலத்தைப் பார்த்தாலன்றி விளங்காத தமிழில் இருக்கும். கொடுப்பனவுப் படிவத்தின் அடியில், ஒப்பமிடுபவர் உறுதிசெய்யும் வாசகம் இரண்டு மூன்று வரிகளில் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வரிகளைத் தாம் நன்கறிந்த மொழியில் ஒருமுறையேனும் வாசியாமல் முப்பது ஆண்டு ஒப்பமிட்டு இளைப்பாறுபவர் இருக்கக்கூடும். பயிற்சி நாளின் முதல் மணித்தியாலத்தில், வேறெதையும் தொடங்குமுன், அந்தச் சில வரிகளைத் தமிழில் உரத்து வாசிப்பித்து, “இதில் நீர் எதற்குச் சாட்சி சொல்கிறீர்?” என்று ஒவ்வொருவரையும் தத்தம் சொற்களிற் கூறச் செய்தால், மார்கழி மாதத்து இரவில் அவர் பேனாவை எடுக்கும்போது அவ்வரிகளும் அவர் கண்ணிற் படும்.